ஒரே ராத்திரியில் போலந்தாம்!

அந்த மேடைப் பேச்சுத் துணுக்கை இன்னும் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் ஜெஃப்ரி சாக்ஸ் போனாராம், கம்யூனிசப் பொருளாதாரத்தைச் சந்தைக்கு மாற்ற விடிய விடிய 15 பக்கத் திட்டம் எழுதினாராம், போலந்து நிமிர்ந்துவிட்டதாம். கைதட்டல் வேறு.

1989 கோடையில் சாக்ஸும் அவருடைய சகா டேவிட் லிப்டனும் வார்சாவில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியது உண்மை. தொழிற்சங்கமாகப் பிறந்த சாலிடாரிட்டி இயக்கத்தின் எம்.பி.க்களிடம் போய் விளக்கியதும் உண்மை. ஆனால் ஆலோசனை வேறு, சட்டம் வேறு. ஆலோசனை சொன்னவர் விமானம் ஏறிவிடுவார். கை தூக்கியவன் தொகுதிக்குத்தான் திரும்ப வேண்டும்.

நிதியமைச்சர் பால்செரோவிச் சீர்திருத்த மசோதாக்களை ஒரே கட்டாக அவையில் வைத்தது அந்த வருஷம் டிசம்பர் 17. நிறைவேறியது 27, 28. அதிபர் யாருசெல்ஸ்கி கையெழுத்திட்டது 31. மறுநாளே அமல். நடுவில் கிறிஸ்துமஸ். அதற்குள் ஒரு சிறப்புக் குழு மசோதாக்களை அலசியாக வேண்டும். கீழவையின் 460 பேரில் சாலிடாரிட்டிக்காரர்கள் 161 பேர்தான் என்பதையும் மேடை மறந்துவிட்டது.

அந்தக் கட்டில் என்ன இருந்தது என்று அந்தப் பேச்சாளரைக் கேளுங்கள் பார்ப்போம். 'பொப்பிவெக்' என்று, சம்பளத்தை அளவுக்கு மேல் ஏற்றும் ஆலைகளுக்கு ஒரு வரி. 1990 ஜனவரியில் விலைவாசி 100 சதவீதம் ஏறினால் சம்பளப் பட்டுவாடா 30 சதவீதம்தான் ஏறலாம், பிப்ரவரியிலிருந்து 20தான். மீறினால், மீறிய தொகையைப் போலப் பல மடங்கு வரி. ஏன் இவ்வளவு கறார்? அரசு ஆலைகளில் "முடியாது" என்று சொல்ல முதலாளி கிடையாது. மேலாளர் தொழிலாளர் மன்றத்தின் தயவில் இருந்தார். அரசு கட்டிவைத்திருந்த விலையை அவிழ்த்துவிட்டுச் சம்பளத்தைக் கட்டாமல் விட்டால் இரண்டும் ஒன்றையொன்று துரத்தும். சரி, அந்த வரிக்குக் கை தூக்கியது யார்? தொழிற்சங்க மேடையிலிருந்து ஜெயித்து வந்த எம்.பி.க்கள்!

அடுத்தது கடன். ஜனவரியில் மத்திய வங்கி வட்டி மாதத்துக்கு 36 சதவீதம். வருஷத்துக்கு இல்லை, மாதத்துக்கு. அது புதுக்கடனுக்கு மட்டுமென்றால் போகட்டும். ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களின் வட்டியையும் வங்கி மாற்றலாம் என்று ஒரு சட்டம். மலிவு வட்டிக்கு டிராக்டர் வாங்கிய விவசாயி என்ன ஆவான்? வீட்டுக்கடன்காரன்? இந்த ஓர் ஏற்பாடு பல வருஷம் அரசியலில் புகைந்தது.

"பணவீக்கம் அடங்கியதே" என்பீர்கள். அடங்கியது. மாதாந்திர விலையேற்றம் ஜனவரியில் 79.6, பிப்ரவரியில் 23.8, மார்ச்சில் 4.3 சதவீதம். டாலருக்கு 9,500 ஸ்லோட்டி (போலந்து நாணயம்) என்று கட்டிய விகிதமும் 1991 மே வரை தாங்கியது. யார் இல்லையென்றார்கள்? ஆனால் 1990இல் உற்பத்தி 11.6 சதவீதம் சரிந்தது, அந்த வருஷக் கடைசியில் வேலையில்லாதவர்கள் 11 லட்சம். 1993 கடைசியில் வேலையின்மை 16.4 சதவீதம். அந்தச் செப்டம்பர் தேர்தலில் மக்கள் முன்னாள் கம்யூனிஸ்டுகளையே முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

"எம்.பி.க்கள் இழுத்தடித்ததால்தான் தனியார்மயம் தாமதமானது" என்று யாராவது வருவீர்கள். வாருங்கள். அதே சாக்ஸ் ரஷ்யாவுக்கும் ஆலோசனை சொன்னார். அங்கே 1992 ஜனவரி 2 அன்று விலையை அவிழ்த்தது அதிபரின் ஆணை. நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய மத்திய வங்கி, கோடையிலேயே ஆலைகளுக்குக் கடனை வாரி இறைத்தது. விலைகள் ஒரே வருஷத்தில் ஏறக்குறைய 26 மடங்கு. 1993 அக்டோபரில் அந்த நாடாளுமன்றத்தையே டாங்கி வைத்துச் சுட்டார்கள். ஆலோசகர் ஒருவர்தான், அவை வேறு.

எனக்கு ஆத்திரம் பேராசிரியர் மேல் இல்லை. போலந்தின் வெளிநாட்டுக் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அவர் வாதாடினார், 1991இல் கடன் கொடுத்த அரசுகளின் கூட்டமைப்பான பாரிஸ் கிளப் பாதியைக் குறைக்க ஒப்புக்கொண்டது. எரிச்சல், "கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்" என்று அந்த மேடைப் பேச்சாளர் சிரித்துக்கொண்டே சொன்னாரே, அந்தச் சிரிப்பில். யாருக்கு வலித்தது ஐயா? தொழிலாளர் அமைச்சர் யாட்செக் குரோன் ஜீன்ஸ் சட்டையோடு வாராவாரம் டிவியில் வந்து ஜனங்களுக்கு விளக்கம் சொன்னார். வேலையில்லாதவர் உதவித்தொகைக்கும் இலவச சூப்புக்கும் ஊரே 'குரோனியுவ்கா' என்று அவர் பெயரை வைத்தது.

அடுத்த மேடையில் 'பொப்பிவெக்' என்று ஒரு தடவையாவது சொல்லிப் பாருங்கள். கைதட்டல் வராது, தெரியும்.