'ஆஸ்' போட்டு வாயை அடைக்காதீர்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் டைப்ஸ்கிரிப்ட் (ஒரு மதிப்பு எண்ணா, எழுத்தா என்று சொல்லும் 'டைப்' சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) எழுதும் பிள்ளைகள் நிறையப் பேரிடம் ஒரு பழக்கம் பார்க்கிறேன். எடிட்டரில் டைப் பொருந்தவில்லை என்று சிவப்புக் கோடு விழுந்ததும், 'இது இந்த டைப்தான்' என்று அடித்துச் சொல்லும் ஒரு 'ஆஸ்' (as) போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். மக்களே, 'ஆஸ்' எதையும் சோதிப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்டாக மாறும்போது டைப் எல்லாமே அழிந்துவிடும்.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்கு ஒரு ஆப் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபார்மில் இருந்து எடை ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்தாக வருகிறது; ஆனால் அதன் டைப் 'எனி' (any, எதுவாகவும் இருக்கலாம்) என்று இருக்கிறது. நீங்கள் அதை 'ஆஸ் நம்பர்' என்கிறீர்கள். விலையோடு பெருக்கினால் பில் சரியாகவே வரும், ஏனென்றால் பெருக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் தானே எண்ணாக மாற்றிக்கொள்ளும். ஆனால் காலையில் வந்த 45 கிலோவையும் மாலையில் வந்த 30 கிலோவையும் கூட்டிப் பாருங்கள், 4530 என்று நிற்கும். பில்லை மட்டும் சோதித்தவர் கண்ணில் இது படவே படாது.

களியக்காவிளை செக்போஸ்ட் மாதிரி, வெளியிலிருந்து டேட்டா நுழையும் இடத்திலேயே நிறுத்திப் பார்க்க வேண்டும். டேட்டாவை எழுத்தாக அனுப்பும் ஜேசனைப் (JSON) பிரித்தால் கிடைப்பதும் 'எனி'தான். அதை 'அன்நோன்' (unknown, சோதிக்கும்வரை பயன்படுத்த விடாத டைப்) என்று வாங்குங்கள். 2018-இல் டைப்ஸ்கிரிப்ட் 3.0 பதிப்பிலேயே அது வந்துவிட்டது. அப்புறம் அதைச் சோதிக்க ஒரே ஃபைலில் நாலைந்து சின்ன ஃபங்ஷன்கள் போதும். ஆப்ஜெக்ட்டா என்று பார்க்கும் ஃபங்ஷனில் மதிப்பே இல்லை என்று காட்டும் 'நல்'லைத் (null) தனியாக விலக்குங்கள், டைப்பைச் சொல்லும் 'டைப்ஆஃப்' (typeof) அதையும் ஆப்ஜெக்ட் என்றுதான் சொல்லும். எண்ணா என்று பார்ப்பதில் 'நம்பர்.ஈஸ்ஃபைனைட்' வைத்தால் 'நான்' (NaN) என்ற எண்ணல்லாத எண்ணும் மாட்டிக்கொள்ளும்.

இப்படிச் சோதிக்கும் ஃபங்ஷனுக்கு கார்டு (guard, காவல்) என்று பெயர். பொருந்தினால் ஒரு வழி, இல்லாவிட்டால் வேறு வழி என்று போக வேண்டிய இடத்தில், ஆம் அல்லது இல்லை என்று திருப்பும் 'ஈஸ்' (is) கார்டு. அந்த மதிப்பு இல்லாமல் மேலே போகவே கூடாது என்றால் 'அசர்ட்ஸ்' (asserts). இது 2019-இல் 3.7 பதிப்பில் வந்தது. பொருந்தாவிட்டால் அங்கேயே எர்ரர் வீசும்படி ஃபங்ஷனை எழுதுங்கள், எந்த ஃபீல்டு, என்ன வந்தது என்று அதிலேயே எழுதிவிடலாம். எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது.

ஒன்றில் கவனம் வேண்டும். நீங்கள் கார்டு என்று அறிவித்த ஃபங்ஷனுக்குள் சும்மா 'ட்ரூ' என்று திருப்பினாலும் கம்பைலர் நம்பிவிடும். அதனால் கார்டுக்குத் தப்பான டேட்டாவைக் கொடுத்து டெஸ்ட் எழுதுவதைத் தவிர்க்கவே முடியாது. 2024-இல் வந்த 5.5 பதிப்பு, எளிய கார்டுகளைத் தானே ஊகித்துக்கொள்கிறது, அது நல்ல உதவி.

நம்ம ஊரில் டைப்ஸ்கிரிப்ட் வகுப்பு எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: 'ஆஸ்' சொல்லிக்கொடுக்கும் முன் 'அன்நோன்' சொல்லிக்கொடுங்கள்.