கிரானைட் ‘ஸ்ட்ராங்’தான், ‘டஃப்’ என்று எழுதியது என் தவறு

பர்கூர்ப் பக்கம் உள்ள ஒரு சிறிய கிரானைட் பாலிஷ் பட்டறையில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுவதும் ஏற்றுமதிக் காகிதங்களைச் சரிபார்ப்பதும் என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மல்டி கலர் கல்லுக்காக இரண்டு பக்க விளம்பரத் தாள் ஒன்றை எழுதினேன். முதல் பத்தியிலேயே ‘ஸ்ட்ராங்’ மூன்று முறை வந்துவிட்டது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வரவே, ஒன்றை ‘டியூரபிள்’ என்றும் மற்றொன்றை ‘டஃப்’ என்றும் மாற்றினேன். மூன்றுக்கும் என் கையில் இருந்த அகராதி ‘வலிமையான’ என்றுதான் பொருள் சொன்னது. அந்தத் தைரியத்தில் செய்தேன்.

ஆறு மாதம் கழித்து வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. சமையலறை மேடைக்கு வாங்கிய பலகைகளில், சிங்க் வைப்பதற்காக வெட்டிய இடத்தின் மூலையில் விரிசல் விழுந்திருந்தது. அவர் கல்லைக் குறை சொல்லவில்லை. கிரானைட்டின் குணம் தமக்குத் தெரியும் என்றும், ஆனால் அதை ‘டஃப்’ என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தப் பொருளில் எழுதினீர்கள் என்றும் கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தபோதுதான், எனக்கே அது தெரியாது என்பது தெரிந்தது.

எங்கள் மேஸ்திரி எட்டாம் வகுப்புவரை படித்தவர். கடிதத்தின் விஷயத்தை அவரிடம் தமிழில் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் முற்றத்தைக் காட்டினார். இரும்புத் தாங்கிகளில் பலகைகள் எல்லாம் செங்குத்தாகச் சாய்ந்து நின்றன. அப்போது இருவர் ஒரு பலகையை விளிம்பில் நிறுத்தியபடியே தூக்கிக்கொண்டு போனார்கள். “படுக்க வெச்சுத் தூக்கினா நடுவுல போயிடும் சார்” என்றார். இரண்டு சென்டிமீட்டர் பருமன் உள்ள பலகையைப் படுக்கைவசமாகத் தூக்கினால் அது தன் எடையாலேயே மிகச் சிறிதளவு வளையும், வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும், அந்த இழுவையைக் கல்லால் தாங்க முடியாது. அழுத்தத்தைத் தாங்குவதில் மலைபோல் நிற்கும் அதே கல், இழுவையை ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தாங்கும். குவாரியில் கல்லைப் பிளப்பதும் இந்தப் பலவீனத்தை வைத்துத்தான்: ஒரே கோட்டில் வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொன்றிலும் ஆப்பை இறக்கி, சம்மட்டியால் மாறிமாறித் தட்டிக்கொண்டே போனால், லாரி ஏறினாலும் அசையாத பாறை ஓரிடத்தில் நூல் பிடித்ததுபோல் இரண்டாகிவிடுகிறது.

உலோகங்களையும் கற்களையும் சோதிப்பவர்கள் இந்த ஆங்கிலச் சொற்களைக் கலந்து பேசுவதில்லை. எவ்வளவு பாரத்துக்கு உடையாமல் நிற்கிறது என்பது ‘ஸ்ட்ரென்த்’. கீறல் விழாமல் இருப்பது ‘ஹார்ட்னெஸ்’. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம், கீறலை எதிர்க்கும் தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் 7, சாதாரணக் கத்தி 5.5 அளவில் நிற்கிறது, அதனால்தான் கத்தி நம் சமையல் மேடையில் கோடு போடுவதில்லை. அடியின் வேகத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டு, நசுங்கினாலும் வளைந்தாலும் பிளவுபடாமல் இருப்பது ‘டஃப்னெஸ்’. இந்த மூன்றாவது குணம்தான் கிரானைட்டிடம் குறைவு. ஆக, நான் எழுதிய தாளில் கல்லின் பெருமையாகச் சொன்ன ஒன்று, அதன் குறையையே பெருமையாக மாற்றிச் சொன்ன கதையாகிவிட்டது.

‘டஃப்’ என்றால் என்ன என்று இனி யாராவது கேட்டால், நான் கறிக்கடைக்குத்தான் அழைத்துப் போவேன். அங்கே இருக்கும் புளியமரக் கட்டையில் விடிந்ததிலிருந்து வெட்டுக்கத்தி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கட்டையின் மேற்பரப்பு நார்நாராகக் கிழிந்து நடுவில் குழிவிழுகிறதே தவிர, கட்டை பிளப்பதில்லை. அதுதான் டஃப். அதே கட்டையின்மேல் கிடக்கும் முற்றிய ஆட்டுக் கறியையும் ஆங்கிலத்தில் டஃப் என்றுதான் சொல்வார்கள், ஆனால் அது புகார். கட்டைக்குப் பாராட்டு, கறிக்குக் குறை, சொல் ஒன்றுதான். நாமும் வெண்டைக்காய் ‘முற்றல்’ என்றால் முகம் சுளிக்கிறோம், தேங்காய் ‘முற்றல்’ என்றால் எடுத்துப் பையில் போடுகிறோம்.

இந்த வரிசைச் சொற்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பும்போது நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்தப் பொருள் எதை எதிர்த்து நிற்கிறது? பாரத்தையா, அடியையா, காலத்தையா, வறட்சியையா? எதிரி யார் என்று தெரிந்துவிட்டால் சொல் பெரும்பாலும் தானே வந்துவிடும். காலத்தை எதிர்த்து நிற்பது ‘டியூரபிள்’. கடைக்காரர் “நல்லா உழைக்கும்” என்று சொல்லி விற்கும் செருப்புக்கும் தார்ப்பாய்க்கும் பொருந்துகிற சொல் அது. ‘எண்டியூரிங்’ அதன் உறவுதான், ஆனால் பொருள்களைவிடப் புகழுக்கும் நட்புக்குமே அதிகம் வரும். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். பல நூற்றாண்டு வெயிலையும் மழையையும் பார்த்த அந்தக் கல் டியூரபிள். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனின் பெயர் எண்டியூரிங். இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் வீரனின் பெயர் தார்ப்பாய் ஆகிவிடும்.

ஆட்டம் காணாமல் ஊன்றி நிற்பது ‘ஸ்டர்டி’. கட்டில், ஏணி, முக்காலி, குழந்தையின் கெண்டைக்கால் எல்லாவற்றுக்கும் வரும். தகடூர் அதியமானைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் (87) ஒரு தேர்ச்சக்கரம் வருகிறது: நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன், ஒரு மாதம் முழுக்க உழைத்துச் செய்த ஒரே சக்கரம் போன்றவன் எங்கள் தலைவன் என்று பகைவர்களிடம் சொல்கிறார். இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் நான் ‘ஸ்டர்டி’ என்றுதான் தொடங்குவேன். ‘ஸ்ட்ராங்’ போதாது, ‘டியூரபிள்’ டயர் விளம்பரம்போல் இருக்கும். ஆனால் இந்தச் சொல்லின் பழங்கதை அவ்வளவு கௌரவமானது அல்ல. முரட்டுத்தனமான, அடங்காத என்ற பொருளில்தான் அது பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், உடம்பில் தெம்பிருந்தும் பிச்சை எடுப்பவர்களை ‘ஸ்டர்டி பெக்கர்ஸ்’ என்று சட்டமே அழைத்துச் சவுக்கடி கொடுத்தது.

‘ரோபஸ்ட்’ லத்தீனில் ஓக் மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நாம் ‘வைரம் பாய்ந்த உடம்பு’ என்று மரத்தை வைத்துச் சொல்வதற்குப் பக்கத்தில் நிற்கும். ரோபஸ்டா காப்பிக்கு அந்தப் பெயர் வந்ததும் அரபிகாவைவிட அந்தச் செடி நோய் தாங்குவதால்தான். ‘ஸ்டவுட்’ ஒரு காலத்தில் தைரியசாலியைக் குறித்தது, இப்போது ‘குண்டு’ என்பதற்கு நாகரிகமான பெயர். ஆளைப் பார்த்து அதை எழுதாதீர்கள்.

எதிரியைக் கேட்பதும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். மொழியியலாளர் ஹாலிடே 1966இல் காட்டிய உதாரணம் புகழ்பெற்றது: டீ ‘ஸ்ட்ராங்’ ஆக இருக்கும், ‘பவர்ஃபுல்’ ஆக இருக்காது, கார் ‘பவர்ஃபுல்’ ஆக இருக்கும். இதற்குக் காரணம் தேடக் கூடாது, பழக்கம்தான் காரணம். தயிர் கெட்டி, மேளம் கெட்டி, ஆனால் கெட்டிக்காரன் என்றால் புத்திசாலி என்பதற்கு நம்மிடம் மட்டும் காரணம் இருக்கிறதா?

பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகள் கையில் இருக்கும் கையேட்டில் இந்தச் சொற்கள் எல்லாம் சமக்குறி போட்டு ஒரே வரியில் இருக்கின்றன. ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். ஆனால் பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, அவள் அந்த வரியிலிருந்து எந்தச் சொல்லை எடுப்பது என்று என்னிடம் வந்தாள். “மாமா, ஆயாவுக்கு எது போடறது?” எங்கள் அம்மா அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமத்தில் எழுபது வயதில் இன்னும் தலையில் புல்கட்டு சுமப்பவர். ‘ஹார்டி’ போடு என்றேன். குறைந்த நீரிலும் குறைந்த தீனியிலும் தாக்குப்பிடிக்கும் கேழ்வரகுக்கும் ஆலம்பாடி மாட்டுக்கும் உரிய சொல் அது. அவளுக்கோ ‘ரெசிலியன்ட்’ மேல் ஆசை, எல்லோரும் இப்போது அதைத்தானே எழுதுகிறார்கள் என்றாள். பின்னோக்கித் துள்ளுவது என்ற லத்தீன் பொருளில் பிறந்த சொல் அது. அழுத்திய கையை எடுத்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் சுருள்வில்லின் குணம். கையை எடுக்காமலே அழுத்திக்கொண்டிருப்பவர்கள், அழுந்திக் கிடப்பவரைப் பார்த்து ரெசிலியன்ட் என்று பாராட்டுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது. இரண்டு போகம் கருகியபின் மூன்றாம் முறை விதைத்து அம்மா எழுந்து நின்ற அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் அந்தச் சொல்லைக் கொடுக்கலாம் என்று சமாதானம் ஆனோம்.

வாடிக்கையாளருக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினேன். விளம்பரத் தாளையும் மாற்றினேன்: இந்தக் கல் ‘ஹார்ட்’, கீறல் விழாது, பாரம் தாங்குவதில் ‘ஸ்ட்ராங்’, சிங்க்குக்கு வெட்டும்போது மூலைகளை வளைவாக வெட்டி அடியில் தாங்கு கொடுக்க வேண்டும். முதலாளி வாசித்துவிட்டு, “கல்லை விக்கிறியா, இல்ல அதும்மேல புகார் எழுதறியா?” என்றார். கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை, எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கி அச்சுக்கு அனுப்பினேன்.