பத்து நிமிஷ வேலையாம்!

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு குறையும் கிடையாது. நாலாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், போன வருஷம்தான் எஸ்எஸ்டி மாற்றியது. மதுரை வில்லாபுரத்தில் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, ட்யூஷன் பிள்ளைகளுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுத்துக்கொண்டு, சிவனே என்று கிடந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. சரி, 11-க்குப் போகலாம் என்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டுமாம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டுமாம். இன்னும் ஒரு வருஷத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வாங்கிக்கொள்ளலாம், அதுவும் 2026 அக்டோபரோடு சரி. நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க இங்கே என்ன கொட்டியா கிடக்கிறது?

இந்த இடத்தில்தான் ஆலோசகர்கள் வந்து சேர்ந்தார்கள். பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகன், "லினக்ஸ் போட்டுருங்க அத்தை, பத்து நிமிஷ வேலை" என்றான். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச சிஸ்டம் அது, அதிலேயே உபுண்டு, மின்ட், ஃபெடோரா என்று பல வகை. வடபழஞ்சி ஐடி பார்க்குக்கு வேலைக்குப் போகும் மாடி வீட்டுத் தம்பி, "அக்கா, உபுண்டு வேணாம், மின்ட் போடுங்க" என்றது. வீட்டுக்காரரின் ஆபீஸ் நண்பர் ஒருவர், "மின்டெல்லாம் குழந்தைகளுக்கு, ஃபெடோரா போடச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார். ஆளாளுக்கு நாட்டாமை. தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருத்தராவது, "உங்கள் பிரிண்டர் என்ன மாடல்? தமிழ் எதில் அடிக்கிறீர்கள்? டி டிரைவில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்களா? கேட்கவில்லை.

எனக்கு லினக்ஸ் மேல் கோபம் இல்லை. இந்தப் பழைய பெட்டியில் மின்ட் போட்ட பிறகு அது சும்மா பறக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் வயிற்றெரிச்சல் எல்லாம் இந்தப் பத்து நிமிஷக் கும்பல் மேல்தான். நான் முட்டிக்கொண்ட ஒவ்வொரு இடமும் இவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். பெரும்பாலானவற்றுக்கு ஒரு வரியில் தீர்வும் தெரியும். போடும் முன் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. முட்டிக்கொண்டு நெற்றி வீங்கிப் போய்க் கேட்டால், "ஆமா அத்தை, அது எல்லாருக்கும் வர்றதுதான்" என்கிறான். எல்லாருக்கும் வருவதை முதலிலேயே சொன்னால் என்னடா குறைந்துவிடும் உனக்கு?

மின்டைப் பென் டிரைவில் போட்டுத் திறந்ததும் இன்ஸ்டாலர் ஒரு கேள்வி கேட்கும். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே வைக்கவா, டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடவா என்று. போனில் எனக்கு வந்த அறிவுரை: "எல்லாத்துக்கும் நெக்ஸ்ட் குடுங்க." நம் வீடுகளில் சி டிரைவ் விண்டோஸுக்கு, டி டிரைவ் நமக்கு என்றுதானே வைத்திருக்கிறோம்? கல்யாண போட்டோ, சொத்துப் பத்திர ஸ்கேன், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் டி-யில் கிடக்கிறது. டிஸ்க்கை அழி என்றால் சி மட்டும் போகாது, அந்த டிஸ்க்கில் இருக்கும் டி-யும் சேர்ந்தேதான் போகும். என் வீட்டுக்காரர் பின்னால் நின்று படித்துப் பார்த்து, "ஏம்மா, டி டிரைவையும் சேர்த்துத்தானே சொல்லுது?" என்று கேட்டதால் என் மகள் சடங்கு போட்டோக்கள் இன்று இருக்கின்றன. நெக்ஸ்ட்டாம் நெக்ஸ்ட்.

சரி, பக்கத்திலேயே வைத்தாயிற்று. மின்டைத் திறந்து டி டிரைவைத் தேடினால் சி, டி என்று எதுவுமே இல்லை, வேறு என்னென்னவோ பேரில் இருக்கிறது. கண்டுபிடித்துத் திறந்து ஒரு ஃபைலைச் சேமிக்கப் போனால், படிக்க மட்டும்தான் அனுமதி என்கிறது. என் கம்ப்யூட்டர், என் டிரைவ், என் ஃபைல்! காரணம் என்னவென்றால், விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. மறுநாள் சீக்கிரம் எழுந்திருப்பதற்காக ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்றை வைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் கிடக்கிறது. அந்த நிலையில் டிரைவில் எழுதினால் கெட்டுவிடும் என்று லினக்ஸ் பயந்து ஒதுங்குகிறது. விண்டோஸின் பவர் ஆப்ஷனில் போய் ஒரு டிக்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு டிக்! அதை முதல் நாளே சொல்ல வாய் வலித்ததா?

கடிகாரத்தை மறந்துவிட்டேனே. மின்டில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால், காலை 10 மணிக்கு அங்கே 4.30 காட்டுகிறது. கடிகாரத்தை ஓட்டும் சிஎம்ஓஎஸ் பேட்டரி போய்விட்டது என்று கடைக்காரர் புதுசு மாற்றினார். மாற்றியும் அதே கதை. மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. நமக்கும் அதற்கும் சரியாக ஐந்தரை மணி நேரம். டெர்மினலில், அதாவது கட்டளைகளை அடித்துக் கொடுக்கும் ஜன்னலில், ஒரே ஒரு கட்டளை, முடிந்தது. இதுவும் எல்லாருக்கும் தெரியுமாம்.

அந்த டெர்மினலைப் பற்றிப் பேச வேண்டும். "இதை அப்படியே காப்பி பண்ணிப் போடுங்கக்கா" என்று மாடி வீட்டுத் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியது. முதலில் டாலர் குறி, அப்புறம் கட்டளை. அப்படியே போட்டேன், டாலர் குறியோடு. ஏற்கவில்லை. அந்தக் குறி கட்டளையைச் சேர்ந்தது இல்லையாம், டெர்மினலே காட்டுவதாம். அப்புறம் ஏன் சேர்த்து அனுப்புகிறாய்? கன்ட்ரோல் வி அடித்தால் ஒட்டாது, கூடவே ஷிஃப்டும் அழுத்த வேண்டும். இத்தனை பேர் இத்தனை கட்டளை அனுப்பினீர்களே, "டாலர் குறியை விட்டுட்டு அடிங்க" என்று கூட ஒரு வரி சேர்க்கக் கை வரவில்லையா?

தமிழுக்கு வருகிறேன். நான் தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறவள். விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ் மென்பொருளைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அது விண்டோஸுக்கு மட்டும்தான். மின்டில் கீபோர்டு செட்டிங்கில் போனால் தமிழ்நெட் 99 என்று அழகாகப் பேர் இருக்கிறது. ஆகா என்று எடுத்தேன். அம்மா என்று அடிக்க ம-வை இரண்டு தரம் தட்டினால் முதல் ம-வுக்குத் தானாகவே புள்ளி விழ வேண்டும், தமிழ்99-இன் சௌகரியமே அதுதான். விழவில்லை. மம என்று மொட்டையாக நிற்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பது வெறும் விசை வரிசை, ஒரு தட்டுக்கு ஒரு எழுத்து, முன்னே பின்னே பார்த்துப் புள்ளி வைக்கும் புத்தி அதற்குக் கிடையாது. உண்மையான தமிழ்99 வேறு இடத்தில் இருக்கிறது. இன்புட் மெத்தட் என்று தேடி, தமிழுக்கு இருப்பதை இன்ஸ்டால் செய்து, ஐபஸ் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து திரும்ப வந்து, அதன் பட்டியலில் எம்17என் என்று போட்டிருக்கும் தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு தங்கமாக வேலை செய்கிறது. 1999-இல் அரசு தரமாக அறிவித்த விசைப்பலகை இது. ஒரே பேரில் இரண்டு வைத்து, முதலில் கண்ணில் படுவது வேலைக்கு ஆகாதது!

அப்புறம் பழைய வினாத்தாள்கள். பாமினி எழுத்துருவில் அடித்தவை மலைபோல் இருக்கின்றன. மின்டில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ மந்திரம் மாதிரி வருகிறது. அந்த எழுத்துரு ஃபைலை எடுத்து வந்து இரட்டைச் சொடுக்கு போட்டு இன்ஸ்டால் கொடுத்தால் போதும், தமிழாகிவிடும். இதை எனக்குச் சொன்னது யார் தெரியுமா? அரசரடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி அக்கா. அவர் லினக்ஸைக் கண்ணால் பார்த்ததில்லை. "பான்ட் இல்லாமத்தான் இருக்கும், அதைப் போடு" என்றார். ஐடி பார்க் ஆட்கள் அதுவரை, "ஃபைல் கரப்ட் ஆகியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

யூனிகோடில் அடித்தவை திறக்கின்றன, ஆனால் லதா எழுத்துரு இங்கே இல்லை. அதற்குப் பதிலாக நோட்டோவோ லோகித்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. எழுத்தின் அகலம் மாற, ஒரே பக்கத்தில் கச்சிதமாக அடங்கியிருந்த ஏழாம் வகுப்புத் தாளில் 'பொருத்துக' அட்டவணை உடைந்து கடைசி இரண்டு வரி மறுபக்கம் போய்விட்டது. இனி ஒவ்வொரு தாளையும் திறந்து சீர் செய்ய வேண்டும். அந்த வேலை என் தலையில், பத்து நிமிஷக் கணக்கில் அது வராது.

வைஃபை கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், நினைத்தாலே எரிகிறது. டெஸ்க்டாப்புக்கு நகம் அளவில் ஒரு வைஃபை டாங்கிள். பெட்டியில் பிளக் அண்ட் பிளே என்று கொட்டை எழுத்து. சொருகினால் சிடி டிரைவ் மாதிரி வந்து நிற்கிறது, உள்ளே விண்டோஸுக்கான ஃபைல். எந்தச் சிப் என்று பெட்டியில் எங்குமே இல்லை, லினக்ஸில் ஓடுமா ஓடாதா என்று தீர்மானிப்பதே அந்தச் சிப்தான். நெட் வேலை செய்ய டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க நெட் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி வயரில் சொருகி, போன் நெட்டைப் பகிரும் டெதரிங்கைப் போட்டால் மின்டுக்கு உடனே நெட் வந்துவிடும். இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் உங்களுக்கு யாரும் சொல்லப் போவதில்லை.

சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போகலாமே என்பீர்கள். போனேன், பைபாஸ் ரோட்டில். "லினக்ஸா மேடம்? அதெல்லாம் நாங்க தொடுறதில்ல. 500 ரூபா குடுங்க, விண்டோஸ் 11-ஐயே செக்கிங்க பைபாஸ் பண்ணி ஏத்தித் தர்றேன், ஆக்டிவேஷனும் பண்ணிருவோம்." ஆக்டிவேஷன் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, எவனோ எழுதிய கிராக் ஃபைலை ஓட்டுவது. அதே கம்ப்யூட்டரில்தான் நாம் பேங்க் பாஸ்வேர்டையும் அடிக்கிறோம். ஊரில் காசு கொடுத்துச் செய்துகொள்ள இந்த ஒரு வழிதான் சுலபமாகக் கிடைக்கிறது.

இத்தனைக்கும் லினக்ஸ் நமக்குப் புதுசா? 2011-இல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினிகளில் மத்திய அரசின் சிடாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸும் சேர்ந்தேதான் வந்தது. என்னிடம் படித்த பிள்ளைகள் கையில் எத்தனை பார்த்திருக்கிறேன்! அந்தப் பக்கம் போன ஒரு பிள்ளையைக் கூட நான் பார்த்ததில்லை. கொடுத்தார்கள், உட்காரவைத்துச் சொல்லித்தர ஆள் இல்லை. கம்பம் தாண்டிக் குமுளி ஏறினால் கேரளா. அங்கே அரசுப் பள்ளிகளில் பல வருஷமாக லினக்ஸ்தான், பத்தாம் வகுப்புப் பிள்ளை ஐடி செய்முறைத் தேர்வையே அதில்தான் எழுதுகிறது. அந்தப் பிள்ளைக்கு டெர்மினலில் வரும் டாலர் குறியெல்லாம் ஒரு விஷயமாகவே இருக்காது. நமக்கு எழுத்தில் உதவி இல்லாமல் இல்லை, கணியம் போன்ற இதழ்கள் தமிழில் விலையில்லாமல் எழுதித் தள்ளியிருக்கிறார்கள், கும்பிட்டுக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காட்டித்தர மதுரைக்குள் ஆள் தேடிப் பாருங்கள், தெரியும்.

கடைசியாகப் பிரிண்டர். மற்றதெல்லாம் எப்படியோ சரியாயிற்று, இது ஆகவில்லை. மாடலைச் சொல்ல மாட்டேன், நம் பக்கம் எந்த ஜெராக்ஸ் கடையில் நுழைந்தாலும் மேஜை ஓரத்தில் குந்தியிருக்குமே அந்தக் குட்டி லேசர், அதுதான். அதற்குச் சொந்த மூளை கிடையாது. பக்கத்தை வரைந்து கொடுக்கும் வேலை முழுக்கக் கம்ப்யூட்டருடையது, அதையும் அந்தக் கம்பெனிக்கே புரிகிற பாஷையில் கொடுக்க வேண்டும். கம்பெனி லினக்ஸுக்கு ஒரு டிரைவர் வெளியிட்டிருக்கிறது, ஏதோ ஒரு காலத்து லினக்ஸுக்கு. அதை இன்றைய மின்டில் ஏற்ற ஒரு முழ நீளத்துக்குக் கட்டளைகள். எல்லாவற்றையும் போட்டு, பிரிண்ட் கொடுத்து, பட்டியலில் 'முடிந்தது' என்று வருகிறது. பேப்பர் அசையவில்லை. பச்சை விளக்கு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறது.

அண்ணன் மகனிடம் கேட்டேன். "வேற பிரிண்டர் வாங்கிருங்க அத்தை, இப்ப வர்றதுல டிரைவரே வேணாம்." கம்ப்யூட்டர் வாங்கக் காசில்லை என்றுதானே இந்தக் கூத்தே!

இப்போதைக்கு வினாத்தாளைப் பிடிஎஃப் ஆக்கி, தெருமுனை ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். பக்கத்துக்கு 2 ரூபாய். அவரிடம் இருப்பதும் அதே பிரிண்டர்தான். ஓடுவது விண்டோஸ் 7, அதன் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அவரிடம் போய் யாரும் இன்னும் லினக்ஸ் போடச் சொல்லவில்லை போலிருக்கிறது, மனுஷர் நிம்மதியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டே பிரிண்ட் எடுத்துத் தருகிறார்.