புல்லட் கொத்தின் இளஞ்சிவப்பும் நீலமும்

அக்கா மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கறுப்புப் பின்னணியில் எண்ண முடியாத அளவுக்குக் கேலக்ஸிகள் (கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டங்கள்), நடுவில் இரண்டு இளஞ்சிவப்புத் திட்டுகள், அவற்றின் இரு பக்கமும் நீலப் புகை. கீழே ஒரே வரி: "மாமா, இது நிஜ போட்டோவா, இல்ல கலர் அடிச்சதா?"

கேட்டதில் தவறே இல்லை. எனக்குக் கோபமெல்லாம் இந்த மாதிரிப் படங்களின் கீழ் "எல்லாம் கம்ப்யூட்டர்ல வரைஞ்சது" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் மேல்தான். அதைவிட அதிகமாக, "பிரபஞ்சத்தின் பேரழகு" என்று மட்டும் போட்டு, எந்த நிறம் எது என்று சொல்லாமல் பகிர்கிறவர்கள் மேல். இவர்கள் விளக்காமல் விடுவதால்தான் அவர்களுக்குச் சந்தேகம் வருகிறது.

அந்தப் படம் புல்லட் கொத்து. கரினா விண்மீன் குழுவின் திசையில், சுமார் 380 கோடி ஒளியாண்டு தொலைவில், இரண்டு கேலக்ஸிக் கொத்துகள் மோதி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மறுபக்கம் போன இடம். 2006 ஆகஸ்டில் வெளியான படம். ஒரே கேமராவில் ஒரே க்ளிக்கில் எடுத்ததல்ல. கேலக்ஸிகள் தெரிவது சாதாரண ஒளியில். அதை எடுத்தவை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியும் சிலி நாட்டில் இருக்கும் மெகல்லன் தொலைநோக்கியும். இளஞ்சிவப்பு, சந்திரா விண்வெளித் தொலைநோக்கி 100 மணி நேரத்துக்கு மேல் பார்த்துச் சேர்த்த எக்ஸ்ரே. நீலமோ எந்த ஒளியும் இல்லை. நிறை எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டு வரைந்த வரைபடம் அது.

ஆமாம், வரைந்ததுதான். அதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

அம்மாவுக்கு இதய எக்கோ எடுத்தபோது திரையில் சிவப்பும் நீலமும் மாறி மாறி ஓடின. நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். கருவியை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம், அவ்வளவுதான் என்றார் எடுத்தவர். வால்வில் கசிவு இருக்கிறதா என்று அந்த நிறங்களை வைத்துத்தான் பார்த்தார்கள். கலர் அடித்து ஏமாற்றுகிறார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

சரி, புல்லட் கொத்தில் நிறம் என்ன வேலை செய்கிறது? ஒரு கேலக்ஸிக் கொத்தில் இருக்கும் சாதாரணப் பொருளில் பெரும்பகுதி நட்சத்திரங்களில் இல்லை. கேலக்ஸிகளுக்கு இடையே பரவிக் கிடக்கும் வாயுவில் இருக்கிறது. இந்தக் கொத்தில் அந்த வாயுவின் சூடு 10 கோடி டிகிரிக்கும் மேல். அதனால்தான் எக்ஸ்ரேயில் ஒளிர்கிறது. மோதல் நடந்தபோது கேலக்ஸிகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளவில்லை. அவற்றுக்கு நடுவே அவ்வளவு இடம் இருக்கிறது, தாண்டிப் போய்விட்டன. வாயு மட்டும் வாயுவோடு இடித்து, வேகம் குறைந்து, பின்தங்கி நின்றது. வலப்பக்கத் திட்டு தோட்டாவின் முனைபோலக் கூர்மையானதும் அதனால்தான். பெயரும் அங்கிருந்து வந்தது.

இப்போது எடை போட வேண்டும். பின்னால், இன்னும் தொலைவில் இருக்கும் கேலக்ஸிகளின் ஒளி இந்தக் கொத்தின் ஈர்ப்பால் வளைகிறது. அவற்றின் உருவம் லேசாக இழுபடுகிறது. ஒரு கேலக்ஸியை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அதன் அசல் உருவம் யாருக்கும் தெரியாதே. ஏராளமான கேலக்ஸிகளைச் சேர்த்துப் பார்த்தால், எந்தப் பக்கம் எவ்வளவு நிறை இழுக்கிறது என்பது புலப்படும். வானியலாளர் டக்ளஸ் க்ளோவும் அவருடைய குழுவும் செய்தது இதைத்தான்.

சாதாரணப் பொருள் மட்டுமே இருந்திருந்தால் எடை முழுக்க வாயுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நீலம் இளஞ்சிவப்பின் மேலேயே விழுந்திருக்கும். அப்படி விழவில்லை. கேலக்ஸிகளோடு சேர்ந்து விலகிப் போய் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத, எடை மிகுந்த, மோதலில் சிக்காமல் கடந்து போன ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. 1933-இல் கோமா என்ற இன்னொரு கேலக்ஸிக் கொத்தைப் பார்த்து வானியலாளர் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி சொன்ன கரும்பொருளுக்கு (டார்க் மேட்டர்) இவ்வளவு நேரடியான சாட்சி அதுவரை கிடைத்ததில்லை. அந்தச் சாட்சி இரண்டு நிறங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் இருக்கிறது. நிறத்தை எடுத்துவிட்டால் சாட்சியும் கண்ணில் படாது. அதனால்தான் இதை அலங்காரம் என்று சொன்னால் எனக்குத் தாங்கவில்லை.

இளஞ்சிவப்புக்குப் பதில் பச்சை போட்டிருக்கலாம். எந்த நிறம், எவ்வளவு அடர்த்தி என்பது மனிதர்கள் எடுத்த முடிவு. எது எங்கே இருக்கிறது என்பது அளந்தது. 2025-இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இதே கொத்தைப் பார்த்தபோது இன்னும் நுணுக்கமான நிறை வரைபடம் கிடைத்தது. அதையும் சந்திராவின் எக்ஸ்ரேயோடு சேர்த்தே வெளியிட்டார்கள்.

அந்த இளஞ்சிவப்பைப் பார்க்கும்போது எனக்கு இன்னொரு நெகிழ்ச்சியும் உண்டு. 1999-இல் விண்ணுக்குப் போன சந்திரா தொலைநோக்கிக்கு வைத்த பெயர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகருடையது. நம்மில் எத்தனை பேர் அதைத் தெரிந்துகொண்டு இந்தப் படத்தைப் பகிர்கிறோம்?

அக்கா மகனுக்கு இதையெல்லாம் வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பினேன். அப்புறம் அவன் ஸ்டேட்டஸில் போட இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். நீங்களும் எடுத்துக்கொள்ளலாம், என் பெயர் போட வேண்டாம்:

"இளஞ்சிவப்பு: எக்ஸ்ரேயில் தெரிந்த சூடான வாயு. நீலம்: ஒளி வளைந்ததை வைத்துக் கணக்கிட்ட நிறை. மற்றவை ஹபிளும் மெகல்லனும் சாதாரண ஒளியில் எடுத்த கேலக்ஸிகள். நீலமும் இளஞ்சிவப்பும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள்."