பட்டனை அமுக்கிவிட்டுக் கையைத் தூக்கும் டிஜேக்கள்

கோலாலம்பூரில் நம்மவர் கல்யாண டின்னர்களில் டிஜே என்று வந்து நிற்கும் சிலரைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது. செந்தூல் மண்டபம் ஒன்றில் ஒரு தம்பி காதில் ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டு குமிழ்களைத் திருகோ திருகென்று திருகினார். பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை. பேஸ் எனும் கனத்த ஒலியைக் குறைத்தால் அடித்தாளம் மெலிய வேண்டாமா? அவர் கைதட்டிக்கொண்டு நிற்கும்போதே அடுத்த பாட்டு கச்சிதமாக வந்து உட்காருகிறது. வீட்டிலேயே ஒட்டி எடுத்து வந்த ஒரே ஆடியோ, வேறென்ன!

டிஜே கருவியில் இருக்கும் சிங்க் பட்டனை நான் குறை சொல்லவில்லை. அது இரண்டு பாட்டுகளின் வேகத்தையும் தாளத்தையும் பொருத்தித் தரும், அவ்வளவுதான். எந்தப் பாட்டு, எந்த நேரத்தில் என்பதை ஆள்தான் முடிவு செய்ய வேண்டும். பெரிய மேடைகளில் விளக்கும் வீடியோவும் பாட்டோடு பிசகாமல் ஓட வேண்டும் என்பதால் பாட்டுகளை முன்கூட்டியே அமைத்துக்கொள்வதுண்டு. கனடாவின் பிரபல மின்னிசைக் கலைஞர் டெட்மவுஸ் 2012லேயே இதை வெளிப்படையாகச் சொன்னார். சரி, அங்கே காரணம் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் என்ன காரணம்?

மாப்பிள்ளையின் பாட்டி ஆசையாக ஒரு பழைய பாட்டு கேட்டார். "அப்புறம் போடுறேன் பாட்டி" என்றார் அந்த டிஜே தம்பி. கடைசிவரை போடவே இல்லை. எப்படிப் போடுவார்? அதே மண்டபத்தில் உருமி மேளத்துப் பையன்கள் கூட்டம் சூடேறுவதைப் பார்த்துப் பார்த்து வேகத்தைக் கூட்டினார்கள், சட்டை நனைய நனைய. அதற்குப் பெயர்தான் நேரடி இசை.

இனி டிஜேக்கு முன்பணம் கொடுப்பவர்கள் முதலில் இதைக் கேளுங்கள்: நடுவில் பாட்டை மாற்றச் சொன்னால் மாற்றுவீர்களா?