ஹென்றியும் மடத்து நிலமும்

"மதம் அரசியலுக்குள் புகுந்து கெடுத்துவிட்டது" என்று யாராவது சொன்னால், எனக்கு இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி ஞாபகம்தான் வரும். எது எதற்குள் புகுந்தது என்று யோசிக்க வைக்கிற ஆள்.

ரோமை எதிர்த்துப் புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரை மறுத்துப் புத்தகம் எழுதி, 1521இல் போப்பிடம் 'விசுவாசத்தின் பாதுகாவலர்' பட்டம் வாங்கியவர் இவர். பதிமூன்றே வருஷத்தில், இங்கிலாந்து திருச்சபைக்கு நானே தலைவன் என்று சட்டம் போட்டுக்கொண்டார். (பட்டத்தை மட்டும் விடவில்லை. பிரிட்டிஷ் நாணயங்களில் இன்றும் அதன் சுருக்கெழுத்து இருக்கிறது.)

காரணம் தெரிந்ததுதான். ஆண் வாரிசு இல்லை. கேத்தரினோடு நடந்த கல்யாணமே செல்லாது என்று போப் சொல்ல வேண்டும். அப்போதைய போப் ஏழாம் கிளமெண்ட் இழுத்தடித்தது வேதத்துக்காக மட்டும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. பிரான்சின் பன்னிரண்டாம் லூயிக்கு 1498இல் இதே காரியம் முடிந்தது. பதிலுக்கு அன்றைய போப்பின் மகனுக்குப் பிரான்சில் பிரபுப் பட்டம். ஆமாம், போப்பின் மகன்தான். ஹென்றியின் நேரம், கேத்தரின், ஸ்பெயினையும் ஜெர்மனியையும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்குச் சித்தி. அந்தப் பேரரசரின் படைதான் 1527இல் ரோமைச் சூறையாடி, போப்பையே சிறை வைத்திருந்தது.

சரி, ரோமை விட்டவர் லூதர் பக்கம் போனாரா? அதுவும் இல்லை. பூசை, பாவசங்கீர்த்தனம், குருக்களின் பிரம்மச்சரியம் எதுவும் மாறக் கூடாது என்று 1539இல் சட்டம். 1540 ஜூலை 30 அன்று லண்டன் ஸ்மித்ஃபீல்டில் மூன்று புராட்டஸ்டண்ட் போதகர்களைப் பதிதர்கள், அதாவது மதவிரோதிகள் என்று எரித்தார்கள். மூன்று கத்தோலிக்கக் குருக்களை ராஜதுரோகிகள் என்று தூக்கிலிட்டார்கள். ஒரே இடம், ஒரே நாள்.

அதற்குள் சுமார் 800 மடங்களை மூடியாயிற்று. கூரை ஈயத்தைக்கூட விடாமல் உருக்கி எடுத்தார்கள். நிலங்களில் பெரும்பகுதியைப் பிரபுக்களும் ஊர்ப் பெரிய மனிதர்களும் வாங்கினார்கள். பணம் பிரான்சோடும் ஸ்காட்லாந்தோடும் நடந்த போர்களில் கரைந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஹென்றியின் மகள் மேரி தீவிரக் கத்தோலிக்கர். அரியணை ஏறியவர், 1554 நவம்பரில் நாட்டை மறுபடி ரோமோடு சேர்த்தார். பாராளுமன்றமே முழந்தாளிட, போப்பின் தூதரான ரெஜினால்ட் போல் என்ற கர்தினால் பாவமன்னிப்பு வழங்கினார். ஆனால் கைமாறிய மடத்து நிலத்தைத் திருப்பிக் கேட்பதில்லை என்று ரோம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அன்று முழந்தாளிட்டவர்களில் பலர் அந்த நிலத்தின் சொந்தக்காரர்கள்.