எல்லாப் பேனாவும் சரிவராது

கட்டடங்களைப் பேனாவால் வரைந்து நீர்வண்ணம் பூசுவது பற்றிய ஒரு கட்டுரை, கறுப்புப் பேனா எதுவானாலும் கோடு போட்டு மேலே வண்ணம் பூசலாம் என்கிறது. சாதாரண ஃபவுண்டன் பேனா மை தண்ணீர் பட்டதும் கரைந்து, பூசிய நிறத்தையே சாம்பலாக்கிவிடும். நீரில் கரையாத பிக்மென்ட் மை, அதாவது நிறமித் துகள் கலந்த மைதான் வேண்டும். அதிலும் தடித்த கோடுகள் காயப் பத்து நிமிடமாவது விடணும். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) இருக்கணும், மெலிந்தது நெளியும்.

சென்னை உயர் நீதிமன்றம் போன்ற செங்கல் கட்டடம் என்றால், சுவர் முழுக்க பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறத்தை ஒரே ஓட்டமாக இழுத்து, காய்ந்தபின் அதே நிறத்தோடு அல்ட்ராமரின் நீலம் கலந்து நிழல் போடுங்கள். கறுப்பு கலந்தால் சுவர் அழுக்காகத் தெரியும். வளைவுகளுக்கு உள்பக்கம், கண்ணுக்குத் தெரியும் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டாவது கோடு வேண்டும். அதுதான் சுவரின் தடிமன். அதைப் போடாமல் விட்டால் கட்டடம் வெட்டி ஒட்டிய அட்டைதான். செங்கல்லை ஒவ்வொன்றாக வரைய வேண்டாம், நிழல் விளிம்பில் பத்துப் பன்னிரண்டு போதும். தூரத்துக் குவிமாடத்துக்கு மெல்லிய முனையுள்ள 0.1 பேனா, பக்கத்துத் தூணுக்குத் தடித்த முனையுள்ள 0.5.